இது எந்த வகை வேதிவினை? குமிழை விட்டுவிட்டுச் சமன்பாட்டைப் பாருங்கள்

சோதனைக் குழாயில் இரண்டு திரவங்களைக் கலக்கிறோம். குமிழ் வருகிறது, நிறம் மாறுகிறது, குழாய் சூடாகிறது. "இது எந்த வகை வினை?" என்று கேட்டால், பலரும் அந்தக் குமிழையும் நிறத்தையும் வைத்தே பதில் சொல்லப் பார்ப்பார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. குமிழ், நிறமாற்றம், சூடு, அடியில் தங்கும் வீழ்படிவு எல்லாம் வினை நடந்திருக்கிறது என்பதற்கான அடையாளங்கள். வகையை அவை சொல்லாது. மேக்னீசியம் துண்டை அமிலத்தில் போட்டாலும் குமிழ் வரும். ஆப்பசோடாவில் எலுமிச்சை பிழிந்தாலும் வரும். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினாலும் நுரை பொங்கும். மூன்றும் வேறு வேறு வகை வினைகள்.

வகையைக் கண்டுபிடிக்க வினையைச் சமன்பாடாக எழுத வேண்டும். குறியீடுகள் தெரியாவிட்டால் பரவாயில்லை, பெயர்களாக எழுதினாலே போதும். வினையில் சேரும் பொருள்களை அம்புக்குறிக்கு இடப்பக்கமும் உண்டாகும் பொருள்களை வலப்பக்கமும் எழுதிவிட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பொருள்கள்? அவற்றில் ஏதாவது தனியாக நிற்கும் தனிமமா? இரும்பு, செம்பு, ஆக்சிஜன், குளோரின் என்று ஒற்றைப் பெயரோடு நின்றால் தனிமம். ஆக்சைடு, குளோரைடு, சல்பேட் என்று வால் ஒட்டியிருந்தால் சேர்மம். தண்ணீர், அம்மோனியா மாதிரி வால் இல்லாத சேர்மங்களும் உண்டு, ஆனால் அவை கொஞ்சம்தான், பழகிவிடும்.

எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமன்படுத்துவதற்காக முன்னால் போடும் 2, 3 போன்ற எண்கள் இந்தக் கணக்கில் வராது. "2 ஹைட்ரஜன் + ஆக்சிஜன் → 2 நீர்" என்றால் வலப்பக்கம் இருப்பது ஒரே பொருள்தான்.

அதற்கும் முன்னால், நடந்தது வேதிவினைதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. டப்பாவில் வைத்த கற்பூரம் நாளாக ஆகக் கரைந்துபோகிறது. அது திண்மம் நேரடியாக ஆவியாவது, கற்பூரம் கற்பூரமாகவே காற்றில் போகிறது, வினை இல்லை. அதே கற்பூரத்தைக் கொளுத்தினால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் புகைக்கரியும் வருகின்றன. அது வினை.

ஒரே பொருளில் மூன்று வினைகள்

அடிப்படை வகைகளைப் புரிந்துகொள்ளச் சுண்ணாம்பைப் போல வசதியான பொருள் வேறில்லை. கடலோரத்தில் கிளிஞ்சலையும் மற்ற இடங்களில் சுண்ணாம்புக்கல்லையும் காளவாயில் அடுக்கிச் சுடுவது பழைய தொழில். கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் இரண்டிலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரி செல்சியஸில் அது பிரிகிறது:

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. ஒன்று பலவானால் அது சிதைவு வினை. தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலக்கும். சுட்ட கிளிஞ்சல் கையில் எடுக்க அவ்வளவு லேசாக இருப்பது இதனால்தான்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு நீற்றும்போது அடுத்த வினை. தண்ணீர் கொதித்துத் தெறிக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். (கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது.)

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு

இரண்டு சேர்ந்து ஒன்று. இது சேர்க்கை வினை, பாடப்புத்தகத்தில் கூடுகை வினை என்றும் இருக்கும்.

அப்புறம் அந்த நீறிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறோம். அடித்த அன்று மங்கலாக இருக்கும் சுவர் இரண்டு மூன்று நாளில் பளிச்சென்று வெளுக்கிறது, பூச்சும் இறுகுகிறது. ஈரம் காய்ந்தது ஒரு காரணம். ஆனால் அதோடு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது:

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

காளவாயில் பிரிந்துபோன வாயுவுக்கு ஈடாக வேறு கார்பன் டை ஆக்சைடு வந்து சேர, சுவரில் மறுபடியும் கிளிஞ்சலின் பொருளே உட்கார்ந்துவிடுகிறது. வெப்பக் கணக்கும் அப்படித்தான். காளவாயில் உள்ளே வாங்கிய வெப்பத்தில் ஒரு பங்கை நீற்றும்போது சட்டென்று வெளிவிடுகிறது, மிச்சத்தைச் சுவரில் நாள்கணக்கில், நமக்குத் தெரியாமலேயே வெளிவிடுகிறது.

இந்த மூன்றாவது வினை எந்த வகை? இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பொருள்கள், தனிமம் எதுவும் இல்லை. கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம், அதற்கு இரட்டை இடப்பெயர்ச்சி தெரிய வேண்டும்.

சேர்தலும் சிதைதலும்

சேர்க்கை வினையில் எண்ணிக்கையைத் தவிரச் சொல்ல அதிகமில்லை. சேர்வது இரண்டு தனிமங்களாக இருக்கலாம். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆவது அப்படி. யூரியா உரத்துக்கு அடிப்படை அதுதான். இரண்டு சேர்மங்களும் சேரலாம், சுண்ணாம்பும் தண்ணீரும் போல. அம்மோனியா வாயுவும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் சந்தித்தால் வெள்ளைப் புகை கிளம்பும். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுகிறவர்கள் தேய்க்கும் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, அந்தப் புகையில் நுண்துகளாக இருக்கிறது. நவச்சாரத்தைச் சூடாக்கினால் மறுபடி அதே இரண்டு வாயுக்களாகப் பிரியும். ஒரு பக்கம் போனால் சேர்க்கை, திரும்பி வந்தால் சிதைவு.

சிதைவுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஆற்றல் தர வேண்டும். வெப்பம், ஒளி, மின்சாரம் எது வேண்டுமானாலும் இருக்கலாம். 1774 ஆகஸ்ட் 1 அன்று ஜோசப் பிரீஸ்ட்லி பெரிய லென்சால் சூரிய ஒளியைக் குவித்துச் சிவப்பு மெர்குரிக் ஆக்சைடைச் சூடாக்கினார். பாதரசம் ஒரு பக்கம், ஒரு வாயு இன்னொரு பக்கம் எனப் பிரிந்தது. அந்த வாயுவில் மெழுகுவத்தி வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தது. அதுதான் ஆக்சிஜன். 1800-ல், வோல்டா மின்கலம் பற்றிய செய்தி வந்த அதே ஆண்டில், நிக்கல்சனும் கார்லைலும் தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார்கள். வெள்ளி உப்புகள் ஒளி பட்டாலே சிதையும். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது. முந்தைய தலைமுறைக் காற்றுப்பைகளில், அதாவது கார் மோதினால் விரிந்து முகத்தைக் காக்கும் ஏர்பேக்கில், சோடியம் அசைடு என்ற உப்பு இருந்தது. மோதலில் மின்பொறி சூடேற்றியதும் அது சிதைந்து, கண் சிமிட்டும் நேரத்துக்குள் பை நிறைய நைட்ரஜனைக் கொடுத்துவிடும்.

ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்று உட்காருவது

மயில்துத்தம் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் நீலப் படிகம் காப்பர் சல்பேட். அதைத் தண்ணீரில் கரைத்து, நன்றாகத் தேய்த்த இரும்பு ஆணியை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். ஆணி மேல் செங்கபிலமாக ஒரு படிவு ஏறும். நீலம் வெளிறிப் பச்சைச் சாயலுக்குப் போகும்.

இரும்பு + காப்பர் சல்பேட் → இரும்பு சல்பேட் + காப்பர்

எண்ணிக்கை இரண்டுக்கு இரண்டு. ஆனால் இடப்பக்கம் ஒரு தனிமம் தனியாக நிற்கிறது, வலப்பக்கம் வேறொரு தனிமம் தனியாக நிற்கிறது. சல்பேட்டோடு இருந்த செம்பு வெளியே வந்துவிட்டது, இரும்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இது ஒற்றை இடப்பெயர்ச்சி வினை.

தாளில் இதைத் திருப்பியும் எழுதிவிடலாம். ஆனால் இரும்பு சல்பேட் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டால் எதுவும் நடக்காது. உலோகங்களுக்குள் வினைதிறன் வரிசை என்று ஒன்று இருக்கிறது: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மேக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், பிறகு செம்பு, வெள்ளி, தங்கம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும், பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை அசைக்கக்கூட முடியாது. ஹைட்ரஜனை ஈயத்துக்கும் செம்புக்கும் நடுவில் வைப்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகம் குமிழ் விட, செம்பு சும்மா கிடப்பது இதனால்தான். மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் வேதியியலில் ஏராளம். அவற்றில் செலவழித்த நேரத்துக்குப் பலன் தரும் ஒன்று இது என்பேன்.

தண்டவாளத்தைப் பற்றவைக்கும் தெர்மிட் முறை இதே வினைதான். இரும்பு ஆக்சைடையும் அலுமினியத் தூளையும் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு இரும்பை விட்டுவிடுகிறது. கிளம்பும் சூட்டில் இரும்பு உருகி ஓடி, இரண்டு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே உறைந்து ஒட்டிக்கொள்கிறது. ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1890-களில் உருவாக்கிய முறை இது, இந்திய ரயில்வேயிலும் புழக்கத்தில் இருக்கிறது.

உலோகம் அல்லாதவைக்கும் இது பொருந்தும். பொட்டாசியம் அயோடைடு கரைசலில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் அயோடின் வெளியேறிக் கரைசல் பழுப்பாகும்.

இரண்டும் இடம் மாறுவது, கூடவே ஒரு கத்திச் சோதனை

தனிமமே இல்லாமல், இரண்டு சேர்மங்கள் தங்கள் பகுதிகளை மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. வெள்ளி நைட்ரேட் கரைசலில் உப்புத் தண்ணீரைச் சேர்த்தால் தயிர் போல வெள்ளி குளோரைடு திரளும், சோடியம் நைட்ரேட் கரைசலில் தங்கிவிடும். அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆகும் நடுநிலையாக்கல் வினையும் இந்தக் குடும்பம்தான். அமிலத் தொந்தரவுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் உள்ள மேக்னீசியம் ஹைட்ராக்சைடு வயிற்றில் செய்வது அதைத்தான்.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. எந்த இரண்டு உப்பை எடுத்தாலும் தாளில் பெயர்களை மாற்றி எழுதிவிடலாம். உப்புத் தண்ணீரில் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்துவிட்டு "சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும் உண்டாகின்றன" என்று எழுதினால் கணக்கு சரியாக வரும், ஆனால் கரைசலில் எதுவுமே நடந்திருக்காது. நான்கு அயனிகளும் (உப்பு கரையும்போது பிரியும் மின்னூட்டமுள்ள துகள்கள்) கலந்து மிதந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். கரையாத வீழ்படிவு அடியில் போக வேண்டும், அல்லது வாயு வெளியேற வேண்டும், அல்லது நீர் உண்டாக வேண்டும். இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் பொதுவாக வினை நடந்தது என்று சொல்ல முடியும். வகை சொல்லாத குமிழும் வீழ்படிவும் இந்த இடத்தில் உதவிக்கு வருகின்றன.

ஒற்றை, இரட்டை இரண்டையும் ஒரே வாளியில் பார்க்க வேண்டுமானால் விவசாயிகள் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையைப் பாருங்கள். பிரான்சில் போர்டோ நகரத்துப் பக்கம், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடியில் அடித்து அருவருப்பாகத் தெரியும்படி வைத்திருந்தார்கள். அப்படி அடித்த கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பியதை 1882-ல் அங்கிருந்த தாவரவியலாளர் மில்லார்தே கவனித்தார். 1885-ல் முறையை வெளியிட்டார். இன்றும் மிளகுக்கும் வெற்றிலைக்கும் தென்னைக்கும் அதே கலவைதான். 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர்.

காப்பர் சல்பேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → காப்பர் ஹைட்ராக்சைடு + கால்சியம் சல்பேட்

இரண்டுக்கு இரண்டு, தனிமம் இல்லை, வெளிர்நீல வீழ்படிவு உண்டு. இரட்டை இடப்பெயர்ச்சி. (உண்மையில் உண்டாகும் செம்புச் சேர்மங்கள் இன்னும் கொஞ்சம் சிக்கலானவை. தொடக்கத்தில் இந்த அளவு போதும்.)

சுண்ணாம்பு பழசாகி வலு குறைந்திருந்தால் மயில்துத்தம் முழுவதும் வினைபடாமல் கரைசலில் மிஞ்சும். அப்படியே தெளித்தால் இலை கருகும். மிஞ்சியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? துருவில்லாத இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் பிடித்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். ஏறாவிட்டால் தெளிக்கலாம். அந்தச் செம்பு நிறம் மேலே பார்த்த ஆணி வினையேதான். கலவையை இரும்பு வாளியில் தயாரிக்கக் கூடாது, மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்க வேண்டும் என்று சொல்வதும் அதனால்தான். வாளியே வினையில் இறங்கிவிடும்.

சரி, இப்போது சுவருக்குத் திரும்பலாம். கார்பன் டை ஆக்சைடு சுவரின் ஈரத்தில் கரைந்து கார்பானிக் அமிலம் என்ற வலுவற்ற அமிலமாகிறது. சுண்ணாம்பு ஒரு காரம். அமிலமும் காரமும் சேர்ந்து கால்சியம் கார்பனேட் என்ற உப்பும் நீரும் ஆகின்றன. நடுநிலையாக்கல்தான், அமிலம் உண்டாகும் படியைச் சமன்பாட்டில் எழுதவில்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை.

எரிதல் என்ற ஐந்தாவது பெட்டி

பாடத்தில் நான்குக்குப் பிறகு எரிதல் வினை என்று ஒன்றும் வரும். இது மற்ற நான்கைப் போன்றதல்ல. அவை யார் யாரோடு சேர்ந்தார் என்பதை வைத்துப் பிரித்தவை. இது ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பமும் ஒளியும் வந்ததா என்பதை வைத்துப் பிரித்தது. அளவுகோல் வேறாக இருப்பதால் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். மேக்னீசியம் நாடாவைக் கொளுத்தினால் கண் கூசும் வெளிச்சத்தோடு மேக்னீசியம் ஆக்சைடு ஆகிறது. இரண்டு சேர்ந்து ஒன்று ஆனதால் அது சேர்க்கை, எரிந்ததால் அது எரிதல். தேர்வில் எதை எழுதினாலும் தவறு என்று சொல்ல முடியாது.

சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேன் எரிவது நான்கு பெட்டியிலும் அடங்காது:

புரொப்பேன் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர்

இடப்பக்கம் தனிமம் இருக்கிறது, வலப்பக்கம் இல்லை. இந்த வடிவத்தைப் பார்த்தாலே எரிதல் என்று சொல்லிவிடலாம். அந்த நீரைக் கண்ணாலும் பார்க்கலாம். குளிர்ந்த தண்ணீர் உள்ள பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் வெளிப்புறத்தில் முத்து முத்தாக ஈரம் பூக்கும், அதில் எரிவாயுவிலிருந்து பிறந்த தண்ணீரும் இருக்கிறது. காற்று போதாவிட்டால் சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கினால் உயிர் போவது அந்த வாயுவால்.

எந்தப் பெட்டியிலும் உட்காராத வினைகளும் நிறைய உண்டு. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. மொத்தக் கணக்கில் ஒரு பொருள் உள்ளே போய் ஒரு பொருள் வெளியே வருகிறது. அதைச் சேர்க்கை என்றோ சிதைவு என்றோ அழைக்க முடியாது. இலையில் நடக்கும் ஒளிச்சேர்க்கையும் அப்படித்தான். இந்த வகைப்பாடு எளிய கனிம வினைகளுக்கு நன்றாக வேலை செய்யும். உயிர் வேதியியலுக்குப் போனால் வேறு பெயர்கள் தேவைப்படும்.

இன்னொரு வெட்டும் இருக்கிறது: வினையில் எலக்ட்ரான் கை மாறியதா இல்லையா? மாறினால் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை. இரும்பு, செம்பு இடப்பெயர்ச்சி அந்த வகை. இரட்டை இடப்பெயர்ச்சியில் எலக்ட்ரான் மாறுவதில்லை, அயனிகள் இணை மாற்றுகின்றன, அவ்வளவே. சேர்க்கையும் சிதைவும் இரண்டு விதமாகவும் இருக்கும். மேக்னீசியம் எரிவதில் எலக்ட்ரான் மாறுகிறது, சுண்ணாம்பு நீறுவதில் மாறுவதில்லை. சமன்பாட்டின் ஏதாவது ஒரு பக்கத்தில் தனிமம் தனியாக நின்றால் பெரும்பாலும் எலக்ட்ரான் மாறியிருக்கும் என்று நம்பலாம்.

பழகிக்கொள்ள ஆப்பசோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கேக் மாவில் போட்டு அடுப்பில் வைத்தால் சூட்டில் சோடியம் பைகார்பனேட் பிரிந்து சோடியம் கார்பனேட், நீர், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் வரும். ஒன்று மூன்றானது, சிதைவு. அதே சோடாவைப் புளித்த மோரில் போட்டால் சூடே தேவையில்லை, உடனே நுரைக்கும். மோரின் லாக்டிக் அமிலமும் சோடாவும் இடம் மாற்றிக்கொண்டு சோடியம் லாக்டேட்டும் கார்பானிக் அமிலமும் ஆகின்றன. கார்பானிக் அமிலம் நிற்காமல் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடுகிறது. முதலில் இரட்டை இடப்பெயர்ச்சி, உடனே ஒரு சிதைவு. இரண்டு வழியிலும் மாவை உப்பவைப்பது ஒரே வாயுதான், மிஞ்சும் உப்பு மட்டும் வேறு. முதல் வழியில் மிஞ்சுவது சோடியம் கார்பனேட், துணி துவைக்கும் சலவை சோடாவின் அதே உப்பு. புளிப்பில்லாத மாவில் ஆப்பசோடாவை அள்ளிப் போட்டால் சோப்பு போன்ற ஒரு ருசி அடிப்பது அதனால்தான்.